தரை வரை எரிந்த மூலை

21-9-1973, வெள்ளி

சாகரில் படிக்கிற என் மகன் மணி கடிதம் போட்டிருக்கிறான். உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, கல் உள்ளேயிருந்து பட்டதா வெளியேயிருந்து பட்டதா என்று சொல்லப் பழகுகிறார்களாம். ரொட்டி தின்று நாக்கு செத்துவிட்டதாம். முருங்கைக்காய்க் குழம்பு கனவில் வருகிறதாம். இரண்டு முறை படித்தேன்.

தடய விஞ்ஞானம் என்று அந்தப் படிப்புக்குப் பெயர். பி.எஸ்ஸி., இரண்டாம் வருஷம். களவோ கொலையோ தீவிபத்தோ நடந்த இடத்தில் கிடக்கிற மயிர், ரத்தம், சாம்பல் இவற்றை வைத்து என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. இந்தப் பக்கத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. இவருக்கு அவனை நூல், சாயம் சம்பந்தமாகப் படிக்கவைத்துக் நம் பனியன் கம்பெனியில் உட்காரவைக்க ஆசை. மணி பேப்பரில் பார்த்துத் தானே விண்ணப்பம் போட்டுவிட்டான். மத்தியப் பிரதேசம் எங்கே இருக்கிறது என்று அவனுடைய பழைய பூகோளப் புத்தகத்தில்தான் நான் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் நாத்தனார் பழனாத்தாள் வந்தாள். "ஏ நல்லம்மா, எளவு ஊட்டுல பூந்து சாம்பல நோண்டற படிப்பாமே? எவன் பொண்ணு குடுப்பான் உன்ற பையனுக்கு?" என்றாள். "பொண்ணு ஊட்டுக்காரங்க பொய் சொன்னா அப்பவே கண்டுபுடிச்சுருவானுங்க நங்கை" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, "அதுக்குத்தான் குடுக்க மாட்டாங்கங்கறேன்" என்றாள்.

கோடை லீவில் வந்தபோது ஒருவர் விடாமல் கைரேகை எடுத்தான். கம்பெனியில் ராக்காவல் இருக்கும் கருப்புசாமி மை பூசின கையை நீட்டிக்கொண்டே, "தம்பி, என்னைய எந்தக் கேசுல சேக்கறீங்க?" என்று கேட்டது ஞாபகம் வந்தது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மணி சிலேட்டில் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் படித்தவள்தான். அவன் ஆனா எழுதினால் நானும் ஆனா. இப்போது அவன் எழுதுகிறதில் பாதி புரிவதில்லை. முருகன் அவனுக்கு ஆயுசையும் அறிவையும் கொடுக்கட்டும்.

5-10-1973, வெள்ளி. ஆயுத பூஜை

கம்பெனியில் பூஜை. பனியன் துணி பின்னுகிற நாலு மிஷினையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பிள்ளைகள் கலர்க் காகிதத் தோரணம் கட்டினார்கள். எவ்வளவு பெருக்கினாலும் பஞ்சுத் தூசி போகிறதா? சுவரில், உத்தரத்தில், என் தலையில். தெற்கு மூலையில் முருகன் படத்துக்கு முன்னால் முக்காலி போட்டுக் குத்துவிளக்கை வைத்து நான்தான் ஏற்றினேன். வேலைக்காரர்கள் முப்பது பேருக்கும் இலை போட்டோம். பொரியும் கடலையும் மிஞ்சவில்லை.

புறப்படும்போது கருப்புசாமி வந்து, "அம்மா, வெளக்கக் குளுர வெச்சரட்டுங்களா?" என்று கேட்டான். ஆயுத பூஜை விளக்கு விடியும் வரை நின்று எரிய வேண்டும், மனிதர் கையால் அமர்த்தினால் தொழிலுக்கு ஆகாது. இந்த வீட்டில் எல்லா வருஷமும் அப்படித்தான். "வேண்டாங் கருப்புசாமி, தானா நெறையட்டும்" என்றேன். தினப்படி ஊற்றுகிறதைப்போல் இரண்டு பங்கு எண்ணெயும் ஊற்றினேன். "செரிங்கம்மா" என்றான்.

அவன் பெண்டாட்டி மயிலாள் நம்மிடம்தான் பனியன் மடிக்கிறாள். அவளிடம் ஒரு தூக்குப் போசியில் பொங்கல் கொடுத்தனுப்பினேன்.

இந்த வருஷமும் நல்லபடியாகப் போகட்டும், முருகா.

6-10-1973

கம்பெனி எரிந்துவிட்டது. கருப்புசாமி போய்விட்டான்.

எழுத முடியவில்லை.

8-10-1973, திங்கள்

போலீஸ் வந்தது. இன்ஸ்யூரன்ஸ்காரரும் வந்தார். வாசல் பக்கம், கருப்புசாமி பாய் விரிக்கிற இடத்தில், பாதி கருகின பீடிக்கட்டு ஒன்று கிடந்ததாம். வாயில் பீடியோடு தூங்கிவிட்டான், பஞ்சில் பொறி விழுந்தது, புகையில் வழி தடுமாறி உள்பக்கம் போய் விழுந்துவிட்டான் என்று எழுதிக்கொண்டார்கள். இவரும், "ஆமாங்க, அவனுக்குப் பீடிப் பழக்கம் உண்டுங்க" என்றார். நான் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றிருந்தேன்.

பழக்கம் உண்டுதான். ஆனால் கம்பெனிக்குள் அவன் பற்றவைத்து நான் பார்த்ததில்லை. வெளியே வேப்பமரத்தடியில்தான், அதுவும் காலால் தேய்த்து அணைத்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

மயிலாள் வீட்டுக்குப் போனேன். அவள் அழவில்லை. "அக்கா, அவரு உள்ளாற பீடி பத்தவெக்க மாட்டாருங்க. உங்களுக்குத் தெரியுமல்லங்க?" என்றாள். "தெரியும் மயிலு" என்றேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை வரவில்லை.

ஏன் வரவில்லை?

12-10-1973, வெள்ளி

மயிலாளின் பெண் மாரக்காளுக்கு அவிநாசிபாளையத்தில் பேசி, தையில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். உப்பிட்ட முதலாளி சொத்தை எரித்தவன் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்றார்களாம்.

வேலை போன முப்பது பேரும் கருப்புசாமியைத்தான் வைகிறார்கள். ஒருத்தி மயிலாளின் முகத்துக்கு நேராகவே, "உன்ற புருசன் ஒரு பீடிக்கு எங்க அத்தன பேரு சோத்தையும் எரிச்சுட்டுப் போயிட்டான்" என்றாளாம். பழனாத்தாள் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "என்னமோ போ, செத்தவனுக்குக் காது கேக்கவா போகுது" என்றாள்.

மயிலாளுக்குக் கேட்கிறதே.

கணக்கு எழுத உட்கார்ந்தேன். எண்ணெய் என்று எழுதினதோடு கை நின்றுவிட்டது.

17-10-1973, புதன்

மணி வந்துவிட்டான். ரொம்ப இளைத்திருக்கிறான். பெட்டியை வைத்ததும் கருப்புசாமி வீட்டுக்குத்தான் போனான். திரும்பி வந்து சோறு வேண்டாம் என்றான். முருங்கைக்காய்க் குழம்பு அப்படியே இருக்கிறது.

19-10-1973, வெள்ளி

விசாரணை முடியும் வரை ஒன்றையும் அள்ளக் கூடாது என்று போலீஸ் சொல்லியிருப்பதால் கம்பெனி எரிந்தது எரிந்தபடியே கிடக்கிறது. இரண்டு நாளாக மணி அதற்குள்ளேயே இருக்கிறான். சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். முழங்கால் போட்டு உட்கார்ந்து, எரிந்த மரச்சட்டத்தில் கத்தி முனையைக் குத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். கைகால் எல்லாம் கரி.

"பரீட்சைக்கா கண்ணு?"

"சும்மாதாங்கம்மா."

வாசல் பக்கம் கூட்டிப் போய்க் கருப்புசாமியின் கோரைப்பாயைத் திருப்பிக் காட்டினான். மேல்பக்கம் கருகியிருந்தது. அடிப்பக்கத்தில் பச்சைக் கோடு புதுசாகவே இருந்தது. "பீடில இருந்து இங்க புடிச்சிருந்தா பாய் அடியோட போயிருக்குமுங்க. இது மேல இருந்து விழுந்த நெருப்பு" என்றான்.

பிறகு தெற்கு மூலை. அங்கே சுவரில் காரை உதிர்ந்து செங்கல் வெளுத்துத் தெரிந்தது. சிமெண்டுத் தரையே வெடித்திருந்தது.

"தீ மேலதானுங்கம்மா ஏறும். கீழ தரை வரைக்கும் எரிஞ்ச எடந்தான் மொதல்ல புடிச்ச எடம். இந்த மூலைல என்னங்க இருந்துச்சு?"

"முருகன் படம்."

"வேற?"

சாப்பாடு ஆறுகிறது, சாப்பிடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

20-10-1973

அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது.

21-10-1973, ஞாயிறு

காலையில் நானே சொன்னேன். கருப்புசாமி கேட்டது, நான் வேண்டாம் என்றது, எண்ணெய் ஊற்றினது எல்லாம். மணி தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டான்.

"தோரணம் அறுந்து வெளக்கு மேல விழுந்திருக்கும். பஞ்சுத் தூசி ஒரு பொறி போதுமுங்க" என்றான். பிறகு, "இன்னொண்ணு. அவரோட பாய் கதவோரம். ஓடோணும்னா எந்திரிச்சு ரெண்டு எட்டு வெச்சா வெளிய. அவரைத் தூக்குனது அந்தத் தெக்கு மூலைல இருந்து. பக்கத்துல தண்ணி வாளி கெடக்குது. தப்பிக்கறவன் மூலைக்குப் போக மாட்டானுங்கம்மா. அணைக்கப் போயிருக்காரு."

நான் அவன் தட்டை நகர்த்தி வைத்தேன். "நீ போயிச் சொல்லு கண்ணு. படிச்சவன் சொன்னா எடுப்பாங்க."

"நான் சொன்னாச் செல்லாதுங்க. ரெண்டாம் வருசப் பையன், அதுலயும் முதலாளி மகன். எங்க வாத்தியார் சொல்லுவாரு, சாம்பல் எங்க புடிச்சுதுன்னு சொல்லும், ஆரு எதுக்கு ஏத்துனாங்கன்னு சொல்லாது, அதுக்கு மனுசன் வாய் வேணும்னு."

யார் வாய் என்று அவன் சொல்லவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. கை கழுவும்போது மட்டும், "நான் அங்க போயி பாத்ததே தப்புங்களா?" என்று கேட்டான். குழந்தையில் ஏதாவது உடைத்துவிட்டால் இப்படித்தான் கேட்பான்.

23-10-1973, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் எழுந்து கதவைச் சாத்தினார்.

"பஞ்சுக்குள்ள வெளக்க எரியவுட்டுட்டு வந்தோம்னு நம்ம வாயால சொன்னா இன்ஸ்யூரன்ஸ்காரன் சல்லிக்காசு தருவானா? அது வந்தாத்தான் மறுபடி மிஷின் ஓடும். முப்பது பேரு வாசல்ல நிக்கறாங்க, பாத்தியல்ல?"

"கருப்புசாமி பேருங்க?"

"அவன் போயிட்டான் நல்லம்மா. இனி அவனுக்குப் பேரு எதுக்கு? மயிலாள நான் பாத்துக்கறேன். நான் சாகற வரைக்கும் பாத்துக்கறேன்."

மணி குறுக்கே, "அவங்க அதைக் கேக்கலீங்கப்பா" என்றான்.

"உன்னைய ஆருடா அங்க போயி நோண்டச் சொன்னது? என்ற வேர்வைல படிச்சுட்டு வந்து என்ற ஊட்டுக்கே கொள்ளி வெக்கறயா?"

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. நானும் மணியும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம். போய்த் தொடவும் பயமாக இருந்தது.

அவர் சொல்கிறதிலும் பொய் இல்லையே. முப்பது அடுப்பு. என் ஒரு வாய்க்கு முப்பது அடுப்பு அணையுமா? நான் மூடிக்கொண்டு இருந்தால் ஒரே ஒருத்திக்குத்தான் நஷ்டம் — இப்படி எழுதிவிட்டேனே. இதையா நான் எழுதினேன்?

25-10-1973. தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். அவ்வளவுதான்.

31-10-1973, புதன். சஷ்டி

ஆறு நாளும் தண்ணீரும் பாலும்தான். தலை கிறுகிறுக்கிறது. சாயங்காலம் கோயிலில் சூரசம்ஹாரம். கூட்டத்தில் நின்று அழுதேன். பக்திதான் என்று பக்கத்தில் இருந்தவள் நினைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

முருகா, உனக்குத்தானே ஏத்துனேன்? எனக்கா ஏத்திக்கிட்டேன்? தோரணம் விழுகையில நீ ஒரு ஊது ஊதியிருக்கக் கூடாதா? உனக்குத் தெரியாமயா விழுந்துச்சு?

ஒருத்தன் வந்து கேட்டானே, குளுர வெக்கட்டுங்களான்னு. அது நீதானா? நீயே வந்து கேட்டு, நான்தான் வேண்டாம்னு அனுப்புனனா?

2-11-1973, வெள்ளி

மயிலாளிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். "வாங்கக்கா" என்று மணையை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். பாய், மூலை, வாளி, விளக்கு.

கோடாலியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"குளுர வெக்கட்டுமான்னு கேட்டாருங்களா?"

"கேட்டாரு."

"நீங்க வேண்டாம்னீங்க."

"ஆமா."

கையில் இருந்த கோடாலியைப் பார்த்தாள். கீழே வைத்தாள். "ஓடாம அணைக்கப் போனாருன்னு தம்பி சொல்லுச்சுங்களா?"

"ஆமா மயிலு."

அப்போதுதான் அழுதாள். இந்த ஒரு மாதமும் சேர்த்து வைத்திருந்தது அத்தனையும். உள்ளேயிருந்து மாரக்காள் ஓடி வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். நான் எடுத்துக் கொடுத்த பாவாடையைக் கட்டி வளர்ந்த பெண்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மயிலாள் சொன்னாள்: "பீடின்னு போலீசுக்காரன் எழுதறப்ப நீங்க அங்கதான நின்னீங்க. இப்ப எங்கிட்ட வந்து சொன்னா நான் என்னங்க பண்ணுவேன்? எம்மனசுல அவரு மேல சந்தேகமே இருந்ததில்லீங்க. ஊருக்குத்தான இருந்துச்சு. ஊரு முன்னால சொல்லுங்க."

"சொல்றேன்."

"சொல்லிப்போட்டு வாங்க. அப்பறம் பேசறேன்."

அக்கா என்று கடைசியில் அவள் கூப்பிடவில்லை. போட்ட மணையை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

9-11-1973, வெள்ளி

தாசில்தார் ஆபீஸ். சாவு விசாரணை அவர் கையில்தான். மணி லீவு முடிந்தும் எனக்காக இருந்தான். இவர் வரமாட்டேன் என்றார். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஆபீஸ் வாசல் புளியமரத்தடியில் நிற்கிறார். எங்களைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாசில்தார் நல்ல மனுஷர்போல இருந்தார். "யாராச்சும் மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களாம்மா?" என்றார். இல்லீங்க என்றேன். "படிக்கிற பையன் சொல்லிக் கொடுத்தானா?"

"எந்த மூலைல புடிச்சுதுன்னு அவஞ் சொன்னானுங்க. அந்த மூலைல வெளக்கு வெச்சவ நானுங்க. அணைக்கட்டுமான்னு செத்தவரு கேட்டாரு, வேண்டாம்னதும் நானுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இதனால உங்க வீட்டுக்காரர் பேர்ல கேஸ் வரும். தெரியுமா?"

"தெரியுங்க."

குமாஸ்தா மைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்கு எழுதத் தெரியுமுங்க என்றேன். தண்டாயுதபாணி மனைவி நல்லம்மாள் என்று முழுசாக எழுதினேன். 'ம்' மட்டும் கோணிவிட்டது.

வெளியே வந்தபோது புளியமரத்தடியில் ஆள் இல்லை.

11-11-1973, ஞாயிறு

மணி ஊருக்குப் போனான். ரயிலில் உட்கார்ந்து, "பயமா இருந்துச்சுங்களாம்மா?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்கும்" என்றான். வண்டி நகர்ந்துவிட்டது.

14-12-1973, வெள்ளி

கோயமுத்தூரிலிருந்து அதிகாரிகள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். பாயை, வாளியை எல்லாம் எடுத்துப் போனார்கள். இன்று உத்தரவு வந்துவிட்டது. தீ பூஜை விளக்கிலிருந்து உண்டானது. காவலாளி மீது தவறு இல்லை. அவர் தீயை அணைக்க முயன்று இறந்தார். ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறார்களாம். தெரிந்த ஒருவர் நின்று உரக்கப் படித்தாராம், சுற்றிப் பத்துப் பேர் கேட்டார்களாம்.

இன்ஸ்யூரன்ஸ் இல்லை என்றாகிவிட்டது.

இவர் என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார். உப்பு இல்லாவிட்டாலும் கேட்பதில்லை.

18-1-1974, வெள்ளி

கடனுக்கும் இவர் மேல் வந்த கேஸுக்குமாகக் கம்பெனி இடத்தை விற்றாகிவிட்டது. வாங்கினவர் பழைய ஆட்களில் பாதிப் பேரை எடுத்துக்கொண்டார். மீதிப் பேர் எங்கே போனார்களோ. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

மணி பெட்டி படுக்கையோடு வந்துவிட்டான். நான் வாசலில் நின்றேன். "பாதியில வந்துட்டயே கண்ணு" என்றேன். "அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்றான். பார்க்க முடியாது என்று அவனுக்கும் தெரியும்.

இவர் உள்ளேயிருந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அந்த மட்டுக்கும்.

3-2-1974, ஞாயிறு

மணியின் புத்தகங்களை வெயிலில் காய வைத்தேன். ஒன்றுக்குள் கருப்புசாமியின் கைரேகைத் தாள். பத்து விரலும் பளிச்சென்று இருக்கிறது. கட்டைவிரலில் ஏதோ பழைய வெட்டுத் தழும்பு குறுக்கே ஓடுகிறது. உயிரோடு இருந்தபோது அவன் கையை நான் ஒரு நாள் உற்றுப் பார்த்ததில்லை.

இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

11-3-1974

மணிக்கு இங்கே பக்கத்தில் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மேஜையில் வேலை. காலை எட்டு மணிக்குப் போகிறான். 

பழனாத்தாள் வந்திருந்தாள். படிப்பைப் பற்றிக் கேலி பேசவில்லை. அவள் பேசியிருந்தால் தேவலை.

22-5-1974, புதன்

மயிலாள் வந்தாள். நவம்பருக்குப் பிறகு இன்றுதான். கூட அவள் அண்ணனும் அண்ணியும். மாரக்காளுக்கு வருகிற மாதம் கல்யாணம். அதே அவிநாசிபாளையத்து மாப்பிள்ளை. அவர்களாகவே திரும்ப வந்து கேட்டார்களாம். தீயை அணைக்கப் போய் உயிரைக் கொடுத்தவர் வீட்டுப் பெண் என்று அந்த ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். அண்ணன்தான் சொன்னார். 

பாயை விரித்தேன். உட்கார்ந்தார்கள். அண்ணி குங்குமச் சிமிழைத் திறந்து என் பக்கம் நீட்டினாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

"அங்க வேண்டாமுங்க அண்ணி" என்றாள் மயிலாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "தம்பிக்குப் பத்திரிக வெக்கத்தான வந்தோம்."

அண்ணி சிமிழை மூடினாள். நானே எழுந்து போய் மணியைக் கூப்பிட்டேன். வேலைக்குப் புறப்பட்டுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான். மயிலாள் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் இருந்த தட்டை அண்ணன் கையில் கொடுத்து அவனிடம் கொடுக்கச் சொன்னாள்.

"கண்டிப்பா வரோணும் தம்பி. மொத நாளே வந்தரோணும். அவரு இருந்து செய்யற காரியத்துக்கெல்லாம் நீங்க பக்கத்துல நிக்கோணும்."

மணி என்னைப் பார்த்தான். வாங்கிக்கொள் என்று தலையை ஆட்டினேன்.

"வர்றனுங்க" என்றான்.

அவர்கள் போன பிறகு அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். நேரமாகிவிட்டது, கிளம்பு என்றேன்.

மணிக்கு நல்ல வேட்டி ஒன்று எடுக்க வேண்டும். மொய் எழுதும்போது தண்டாயுதபாணி மகன் என்று சேர்க்க வேண்டாம், அவன் முழுப்பேர் சிவசுப்பிரமணியம் என்று மட்டும் போட்டால் போதும் என்று அவனிடம் சொல்லியனுப்ப வேண்டும்.